மூத்திரப் புட்டி தீர்ப்புச் சொல்லலாமா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேசப் போகிற விஷயத்தின் பெயரைக் கேட்டவுடன் உங்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். மூத்திரத்தைப் பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் பேசுவதா என்று கேட்கக்கூடும். நானாக இழுத்து வந்த விஷயமல்ல இது. உலகத்தில் பல தேசங்களில் முதலாளிமாரும் சர்க்காரும் தொழிலாளியின் மூத்திரத்தை ஒரு புட்டியில் வாங்கி, அதைப் பார்த்து அவன் யோக்கியனா அயோக்கியனா என்று தீர்ப்புச் சொல்லி வருகிறார்கள். அப்படித் தீர்ப்புச் சொல்வதற்கு வெட்கமில்லாதபோது அந்தத் தீர்ப்பு நியாயமானதா என்று யோசிக்க நாம் மாத்திரம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வழக்கம்போல் ஒன்று சொல்லி வைக்கிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக் கொண்டுவிடாதீர்கள். கேட்டுக் கொண்டு போய், உங்கள் அறிவில் போட்டு உரைத்துப் பார்த்து, சரியென்று பட்டதை வைத்துக் கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இந்த விஷயம் எனக்கு எப்படி வந்தது என்றால், எனக்குத் தெரிந்த ஒரு பையன் கப்பல் வேலைக்குப் போகிறவன். கள், சாராயம், பீடி, சுருட்டு எதுவும் அறியாதவன். கப்பல் ஏறுவதற்கு நாலு நாளைக்கு முன் அவனுக்கு இருமல். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் ஒரு புட்டி வாங்கிக் குடித்தான். அந்த மருந்தில் கோடீன் என்ற சரக்கு இருந்தது. கப்பல் ஏறுமுன் நடக்கும் பரிசோதனையில் மூத்திரம் கேட்டார்கள், கொடுத்தான். அதில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, “உன் உடம்பில் அபின் இருக்கிறது, நீ போகலாம்” என்றார்கள். “நான் அபினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே” என்று அழுதிருக்கிறான். “பட்டை சொல்லுகிறது” என்பதுதான் பதில். கப்பல் போய்விட்டது, பையன் ஊருக்கு வந்துவிட்டான். வந்த இடத்தில் அக்கம்பக்கத்தார் “அபின் தின்று அகப்பட்டுக் கொண்டானாம்” என்று பேசினார்கள். வேலை போனதைவிட அந்தப் பேச்சுத்தான் அவனைத் தின்றது.

தோழர்களே! இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒரே ஒரு சங்கதி. அந்தப் பரிசோதனையில் யாராவது ஒருவர், “நாலைந்து நாளாக நீ என்ன மருந்து சாப்பிட்டாய்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் கேட்கப்படவில்லை.

நமது நாட்டில் வீட்டில் ஒரு நகை காணாமற் போனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவனிடம் ஓடுவார்கள். அவன் “கறுத்த ஆள், வடக்கே போகிறான்” என்பான். உடனே அந்த வீட்டு வேலைக்காரன் கறுப்பாயிருந்த குற்றத்திற்காக உதைபடுவான். பட்டையில் நிறம் மாறியது வேறு, மையில் உருவம் தெரிந்தது வேறு. முன்னது ரசாயன சாஸ்திரம், பின்னது பித்தலாட்டம். அதில் சந்தேகமில்லை. ஆனால் சாஸ்திரக் கருவியேயானாலும், அது எதை அளக்கிறது, எவ்வளவு தவறும், எதைச் சொல்லாது என்று கேட்காமல், “அது சொல்லிவிட்டது” என்று வாயை மூடினால், கேட்கிறவன் புத்தியைப் பொறுத்தவரையில் இரண்டும் ஒன்றே. கருவியைச் செய்தவன் பகுத்தறிவோடு செய்தான் என்பதற்காக அதை உபயோகிக்கிறவனுக்கும் பகுத்தறிவு வந்துவிடாது.

அமெரிக்காவில் வந்த விதம்

இந்த ஏற்பாடு பெரிய அளவில் சட்டமாகி நடப்பது அமெரிக்க ஐக்கிய மாகாணங்களிலாகும். 1986-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி அந்நாட்டு ஜனாதிபதி ரீகன் ஓர் உத்தரவு போட்டார். சர்க்கார் வேலையிலிருப்பவர்கள் வேலையிலும் சரி, வெளியிலும் சரி, சட்டவிரோதமான போதைச் சரக்கு உபயோகிக்கக் கூடாது. முக்கிய வேலையிலிருப்பவர்களைச் சோதிக்க வேண்டும் என்பது அது. 1988-ல் அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று சுகாதார இலாகா விதிகள் வெளியிட்டது. கஞ்சா, கொக்கேன், ஆம்பிட்டமின், அபின் வகை, பி.சி.பி. ஆகிய ஐந்தையும் தேடுவதென்று ஏற்பட்டது.

இதற்கிடையில் 1987 ஜனவரி 4-ந் தேதி மேரிலாண்டு மாகாணத்தில் சேஸ் என்ற இடத்தில் ஒரு பெரிய ரயில் விபத்து நடந்தது. சரக்கு ரயில் கம்பெனியின் என்ஜின்கள் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து நிற்க, பயணிகள் ரயில் அதில் மோதி 16 பேர் மாண்டார்கள். அந்த என்ஜின் ஓட்டி கஞ்சா பிடித்திருந்தான் என்று தெரிந்தது. ஜனங்கள் கொதித்தார்கள்; கொதித்தது நியாயமே. 1991-ல் சட்டசபை ஒரு சட்டம் செய்து, ரயில், விமானம், லாரி, பஸ் ஆகியவற்றில் பிறர் உயிருக்கு ஜவாப்தாரியாயுள்ள தொழிலாளிகளையெல்லாம் சோதிக்க வேண்டுமென்றது.

இதை நான் ஏன் சொல்லுகிறேனென்றால், சோதனையே அக்கிரமம் என்று சொல்ல நான் வரவில்லை. போதையிலிருப்பவன் ஓட்டுகிற பஸ்ஸில் நம் பெண்டு பிள்ளைகளும்தான் ஏறுகிறார்கள். என்னுடைய கேள்வி, அந்தப் புட்டி எதை ருஜுப்படுத்துகிறது, எதை ருஜுப்படுத்தவில்லை என்பதுதான்.

புட்டிக்குத் தெரிந்ததும் தெரியாததும்

அபின் செடியின் பாலில் மார்பீன், கோடீன் இரண்டும் இயற்கையாய் உண்டு. இவற்றைப்போலவே மனிதன் செய்து கொண்ட வலி மாத்திரைகள் ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் முதலியவை. ஒருவன் கோடீன் சாப்பிட்டால் அவனுடைய கல்லீரல் அதில் ஒரு பகுதியை மார்பீனாக மாற்றிவிடும். ஹெராயின் என்ற கள்ளச் சரக்கை ஏற்றிக் கொண்டவன் உடம்பிலும் கடைசியில் மார்பீன்தான் வரும். ஆகவே மூத்திரத்தில் மார்பீன் இருக்கிறது என்ற ஒன்றை மாத்திரம் வைத்துக் கொண்டு பார்த்தால், இருமலுக்கு மருந்து குடித்தவனும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவனும், ஹெராயின் ஊசி போட்டவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

பிரித்தறிய வழியில்லையா என்றால், நிரம்ப உண்டு. ஹெராயின் மார்பீனாவதற்கு முன் நடுவில் வேறொரு பொருளாகிறது. அது கோடீன் குடித்தவனிடம் வராது. அதைத் தனியாகத் தேடலாம். அமெரிக்க விதியில் தேடுகிறார்கள். ஆகவே சாஸ்திரத்திற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். பட்டையை நனைத்துவிட்டு ஆளைத் துரத்துகிறவர்களுக்குத்தான் பிரித்துப் பார்க்க மனமில்லை.

சோதனை இரண்டு படி. முதற்படி அவசரச் சோதனை. இது உருவத்தில் ஒத்த சரக்குகளையெல்லாம் ஒன்றாய் நினைத்துக் கொள்ளும். வீட்டு நாய் காக்கிச் சட்டைக்காரனையெல்லாம் பார்த்துக் குரைப்பது மாதிரி. வந்தது போலீஸ்காரனா தபால்காரனா என்று அதற்குத் தெரியாது. இரண்டாம் படி பெரிய கருவியில் நடக்கும். அது ஒவ்வொரு சரக்கையும் எடை கண்டு, இன்னதுதான், இவ்வளவுதான் என்று சொல்லும். முதற்படியோடு நின்றுவிட்டால் என்னவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஆலையில் 1,000 பேர் என்று வைத்துக் கொள்வோம். அதில் உண்மையில் கள்ளச் சரக்கு உபயோகிப்பவர் 10 பேர் என்போம். சோதனை அந்த 10 பேரையும் தவறாமல் பிடித்துவிட்டது. ஆனால் குற்றமற்றவர்களில் 100-க்கு 2 பேரைத் தவறுதலாய்ப் பிடிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மற்ற 990 பேரில் ஏறக்குறைய 20 பேர் மாட்டுவார்கள். மாட்டிக் கொண்டவர் மொத்தம் 30. அதில் 20 பேர் நிரபராதிகள். “100-க்கு 98 சரியாய்ச் சொல்லும் கருவி” என்று விளம்பரம் செய்வார்கள். ஆனால் அது பிடித்துக் கொடுத்த மூவரில் இருவர் நிரபராதிகளாயிருப்பார்கள்! இந்தச் சிறு கணக்கை முதலாளிக்கு யாரும் சொல்வதில்லை; தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுப்பாருமில்லை.

கசகசாவின் கதை

நமது வீடுகளில் குருமாவுக்கும் பாயசத்திற்கும் கசகசா அரைக்கிறோம். அது அபின் செடியின் விதைதான். விதையில் போதை கிடையாது என்றாலும், மேலே ஒட்டியிருக்கும் பால் காரணமாய் மார்பீன் சிறிது இருக்கும். வெள்ளைக்காரர்கள் ரொட்டியின்மேல் அதைத் தூவித் தின்கிறார்கள். தின்றவன் மூத்திரத்தில் மார்பீன் தெரிந்துவிட்டது! ரொட்டி தின்றவனெல்லாம் அபின்காரனாகிவிட்டான்!

முதலில் அமெரிக்க விதியில் மார்பீனுக்கு வைத்த எல்லை ஒரு மில்லி லிட்டருக்கு 300 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. குற்றமற்றவர்கள் அகப்பட்டுக் கொள்கிறார்கள் என்று கண்ட பிறகு, 1998 டிசம்பர் முதல் அந்த எல்லையை 2,000-க்கு உயர்த்தினார்கள். அப்படியானால் நேற்று வரை 300-க்கு மேல் இருந்தவன் குற்றவாளி, இன்று 1,900 இருந்தாலும் குற்றவாளியல்ல என்று ஏற்பட்டது. மனிதன் மாறவில்லை, மூத்திரமும் மாறவில்லை, காகிதத்தில் ஓர் எண் மாறிற்று. எல்லையை மாற்றியதை நான் குறை சொல்லவில்லை. தப்பென்று கண்டதைத் திருத்திக் கொண்டார்களே, அதுதான் அறிவுடைமை. ஆனால் அந்த எண்ணை யாரோ எழுதி வைத்தது போல் மாறாத விதியென்று நம்பக் கூடாது என்பதற்கு இது அத்தாட்சி. இவ்வளவுக்குப் பிறகும் 2023 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ இலாகா தன் சிப்பாய்களைக் கசகசா சேர்ந்த பண்டம் தின்ன வேண்டாமென்று எச்சரித்தது.

இதில் நமக்கும் பாடமுண்டு. ஐக்கிய அரபு எமிரேட்டுகளிலும் சிங்கப்பூரிலும் கசகசாவைக் கொண்டு போவதே குற்றம். நம் ஆட்கள் பெட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலத்தோடு போய் இறங்குகிறார்கள். டிராமடால், கோடீன் போன்ற மாத்திரைகளையும் அரபு நாடுகளுக்கு முன் அனுமதியில்லாமல் கொண்டு போவது ஆபத்து. டாக்டர் சீட்டு சட்டைப் பையிலிருந்தால் மட்டும் போதாது. போகிற ஒவ்வொருவனுக்கும் இதை ஊரிலேயே சொல்லி அனுப்புவது படித்தவர்கள் கடமை.

மாத்திரையை விற்றவனும் விழுங்கியவனும்

1996-ல் அமெரிக்காவில் பர்டியூ என்ற மருந்துக் கம்பெனி ஆக்ஸிகோன்டின் என்ற பெயரில் ஆக்ஸிகோடோன் மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. மற்ற மாத்திரைகளைப்போல் இது மனிதனை அடிமைப்படுத்தாது என்று அதன் விற்பனைக்காரர்கள் டாக்டர்களிடம் சொன்னார்கள். சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவனும், மூட்டை தூக்கித் தோள் போனவனும் டாக்டர் சொன்னபடி விழுங்கினார்கள். விழுங்கியவர்களில் அநேகர் விடமுடியாதவர்களானார்கள். 2007-ல் அந்தக் கம்பெனி, மாத்திரையைப் பற்றி ஏமாற்றிச் சொன்ன குற்றத்தைக் கோர்ட்டில் ஒப்புக் கொண்டு, 60 கோடி டாலருக்குமேல் கட்ட நேர்ந்தது. 2020-ல் மறுபடியும் வேறு குற்றங்களை ஒப்புக் கொண்டது.

அந்த ஐந்து சரக்குச் சோதனைக்கு இந்த மாத்திரைகள் சரியாக அகப்படுவதில்லை. ஆகவே 2018 ஜனவரி 1 முதல் போக்குவரத்துத் தொழிலாளிகளின் சோதனையில் ஹைட்ரோகோடோன், ஹைட்ரோமார்போன், ஆக்ஸிகோடோன், ஆக்ஸிமார்போன் என்ற நான்கையும் சேர்த்தார்கள். 2025 ஜூலையில் சுகாதார இலாகா பென்டனில் என்ற சரக்கையும் தன் பட்டியலில் சேர்த்தது.

கவனியுங்கள், தோழர்களே! மாத்திரையைச் செய்தவன் மூத்திரத்தை யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லி விற்றவன் மூத்திரத்தையும் கேட்கவில்லை. விழுங்கியவன்தான் புட்டியைப் பிடித்துக் கொண்டு வரிசையில் நிற்கிறான்.

நல்ல விதியும் உண்டு

குறை சொல்லும்போது நிறையையும் சொல்லுவதுதான் நேர்மை. அமெரிக்கப் போக்குவரத்து இலாகா விதியில் சில ஏற்பாடுகள் மிகவும் போற்றத்தக்கவை.

ஒன்று: வாங்கிய மூத்திரத்தை இரண்டு புட்டியில் பங்கிட்டு முத்திரை வைக்க வேண்டும். முதற் புட்டியில் சரக்கு கண்டதாய்ச் சொன்னால், தொழிலாளி 72 மணி நேரத்திற்குள் இரண்டாம் புட்டியை வேறொரு சோதனைச் சாலையில் பார்க்கும்படி கேட்கலாம்.

இரண்டு: முதல் சோதனையை மாத்திரம் வைத்துக் கொண்டு முடிவு சொல்லக் கூடாது, பெரிய கருவி உறுதிப்படுத்த வேண்டும்.

மூன்று: முடிவு நேராய் முதலாளி கைக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு டாக்டர் அதிகாரி இருக்கிறார். அவர் தொழிலாளியைக் கூப்பிட்டு, “என்ன மருந்து சாப்பிடுகிறாய்? சீட்டு யார் கொடுத்தார்?” என்று கேட்க வேண்டும். மருந்து அவனுக்கென்றே எழுதிக் கொடுத்ததென்று தெரிந்தால், சோதனையில் குற்றமில்லையென்றே முதலாளிக்குச் சொல்ல வேண்டும். பெண்சாதிக்குக் கொடுத்த மாத்திரையைப் புருஷன் விழுங்கியிருந்தால் மட்டும் அது செல்லாது. சீட்டெழுதிய டாக்டர் அந்த மருந்தை எழுதியிருக்க வேண்டுமா கூடாதா என்று விசாரிக்க இவருக்கு அதிகாரமில்லை.

நான்கு: கோடீன், மார்பீன் விஷயத்தில் அளவு 15,000 நானோகிராமுக்குக் கீழேயிருந்தால், அவன் முறைகேடாய் உபயோகித்தான் என்று காட்டும் பாரம் தொழிலாளி மேலல்ல, அந்த அதிகாரியின் மேல்.

ஐந்து: இந்த மருந்தோடு வண்டி ஓட்டுவது ஆபத்து என்று அதிகாரி நினைத்தாலும், அதை வெளியே சொல்லுமுன் 5 வேலை நாள் தவணை கொடுக்க வேண்டும். அதற்குள் தொழிலாளியின் டாக்டர் மருந்தை மாற்ற முடியுமா என்று பேசிக் கொள்ளலாம்.

நம் கப்பல் பையனுக்குக் கிடைக்காமற்போன அந்த ஒரு கேள்வி, இங்கே சட்டமாகவே இருக்கிறது. ஆனால் இந்த விதிகள் சர்க்கார் வேலைக்கும் போக்குவரத்து வேலைக்குமே கட்டாயம். மற்றத் தனியார் முதலாளிகளுக்கு மாகாணத்துக்கு மாகாணம் வேறு சட்டம். சில இடங்களில் பட்டையை நனைப்பதும், ஆளை அனுப்புவதும் ஒரே மூச்சில் நடக்கும்.

லாரன்ஸ்பர்க் சங்கதி

டென்னஸி மாகாணத்தில் லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் மோட்டார் வண்டிகளுக்குக் கண்ணாடி ஜன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலை இருந்தது. தூரா என்ற கம்பெனியைச் சேர்ந்தது. 2007-ல் அங்கே வேலை செய்தவர்களையெல்லாம் 12 சரக்குகளுக்குச் சோதித்தார்கள். அவற்றில் ஐந்துதான் சட்டவிரோதமானவை. பாக்கி ஏழும் டாக்டர் சீட்டில் நியாயமாய்க் கிடைக்கக்கூடிய மருந்துகள். அந்நாட்டு வேலைச் சமத்துவக் கமிஷன் கோர்ட்டில் சொன்ன குற்றச்சாட்டு என்னவென்றால், மருந்து சாப்பிட்டவர்கள் தங்கள் வியாதியைச் சொல்ல வேண்டுமென்று நிர்ப்பந்தித்தார்கள். அந்த மருந்தினால் வேலை கெட்டது என்பதற்கு எந்த ருஜுவும் இல்லாமலே மருந்தை நிறுத்தினால்தான் வேலை என்றார்கள். மருந்தில்லாமல் வேலை செய்ய முடியாதவர்களை நீக்கிவிட்டார்கள் என்பதாகும். 1990-ல் உடல் குறையுள்ளோரைக் காப்பதற்காக ஏற்பட்ட சட்டப்படி வழக்கு நடந்து, 2012-ல் கம்பெனி 7,50,000 டாலர் கொடுக்கச் சம்மதித்து முடிந்தது.

இந்தச் சங்கதியை நன்றாய் யோசியுங்கள். வருஷக்கணக்கில் அந்த ஆலையில் வேலை செய்துதான் அவர்களில் சிலருக்கு முதுகும் கையும் போயிருக்கும். வலியைத் தாங்கிக் கொண்டு மறுபடியும் அதே ஆலைக்கு வேலைக்கு வருவதற்காகவே மாத்திரை சாப்பிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டால் வேலையில்லை. சாப்பிடாவிட்டால் வேலை செய்ய முடியாது. வேலை செய்ய முடியாவிட்டால் வேலையில்லை. இந்த வளையத்திற்குள் தொழிலாளிக்கு வாசல் எங்கே இருக்கிறது? காயத்தை உண்டாக்கிய இடத்தை விட்டுவிட்டு, காயத்துக்குப் போட்ட கட்டைக் குற்றமாக்கினால் அதற்கு என்ன பெயர்?

தெளிவை அளக்கும் கருவி எங்கே?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குடித்தவன் மூச்சை ஊதச் சொல்லி அளந்தால், அந்த நேரத்தில் அவன் ரத்தத்தில் எவ்வளவு சாராயம் இருக்கிறது என்று ஏறக்குறைய தெரியும். அதைக் கொண்டு அவன் நிதானத்தைப் பற்றி ஓரளவு சொல்லலாம். மூத்திரம் அப்படியல்ல. வலி மாத்திரை ஒருவன் சாப்பிட்டு, அதன் வேகமெல்லாம் அடங்கிப் போன பிறகும் ஒன்றிரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட மூத்திரத்தில் தெரியும். ஆகவே சனிக்கிழமை இரவு பல் வலிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை தெளிந்த புத்தியோடு வேலைக்கு வந்தவனையும் அது பிடிக்கும். எவ்வளவு சாப்பிட்டான் என்று சொல்லாது. இப்போது மயக்கத்திலிருக்கிறானா என்றும் சொல்லாது. நேற்றுப் பெய்த மழையின் ஈரத்தைக் காட்டி இன்று மழை பெய்கிறதென்று சாதிப்பது போன்றது அது.

இன்னொரு பக்கம் பாருங்கள். தூக்கம் வரச் செய்யும் சளி மருந்துகள் எத்தனையோ உண்டு. அவை அந்தப் பட்டியலில் இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று: இரண்டு ஷிப்டு தொடர்ந்து வேலை வாங்கப்பட்டு, கண் எரிய எரிய லாரி ஓட்டுகிறவன் மூத்திரத்தில் என்ன இருக்கும்? ஒன்றுமிருக்காது! மகா சுத்தமாயிருக்கும்! அவன்தான் மரத்தில் மோதுவான். சோர்வுக்குப் புட்டியில் நிறம் மாறுவதில்லை. அந்தச் சோர்வை உண்டாக்கிய முதலாளியின் பேராசைக்கும் நிறம் மாறுவதில்லை.

ஆகையால் ஆபத்தைத் தடுப்பதுதான் நோக்கமென்றால், வேலைக்கு வந்தவன் இப்போது தெளிவாயிருக்கிறானா, கை நடுங்குகிறதா, கேட்டதற்குச் சரியாய்ப் பதில் சொல்லுகிறானா, எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று மனிதனைப் பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும். புட்டி மலிவானது, ஆகவே புட்டி போதுமென்கிறார்கள்.

சுயமரியாதை

கடைசியாக ஒன்று. ஒரு தடவை சோதனையில் தவறி, மறுபடி வேலைக்குச் சேருகிறவன், அமெரிக்க விதிப்படி, அதே ஜாதி ஆண் அல்லது பெண் ஒருவர் முன்னிலையில், சட்டையை இடுப்புக்குமேல் தூக்கி, கீழ் உடையைத் தொடை வரையில் இறக்கிக் காட்டி, அவர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே மூத்திரம் பெய்ய வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது காரணம்; இருக்கிறார்கள்தான். 2023-ல் எச்சிலைச் சோதிக்கவும் அந்த இலாகா விதி செய்தது. மனிதனை அவமானப்படுத்தாத வழி கிடைக்கும்போது அவமானப்படுத்தும் வழியை வைத்துக் கொண்டிருப்பதற்கு நியாயமில்லை.

பெண்களுக்கு இதில் வேறொரு அபாயமும் இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் வாஷிங்டன் நகரப் போலீஸ் இலாகா, போதைச் சோதனைக்கென்று வாங்கிய பெண்களின் மூத்திரத்தை, அவர்களுக்குத் தெரியாமலே கர்ப்பம் இருக்கிறதா என்றும் பார்த்தது வெளியாயிற்று. ஒரு காரியத்துக்கென்று வாங்கியதை இன்னொரு காரியத்துக்கு உபயோகிக்க எவ்வளவு சுலபமாய்க் கை நீளுகிறது பாருங்கள்!

கோர்ட்டார் என்ன சொன்னார்கள்? 1989-ல் அமெரிக்காவின் பெரிய கோர்ட்டு, விபத்துக்குப் பின் ரயில்வே தொழிலாளிகளைச் சோதிப்பது செல்லும் என்றது. அதே வருஷம் சுங்க இலாகா ஊழியர்களைச் சோதிப்பதும் 5-க்கு 4 என்ற கணக்கில் செல்லுமென்று ஆயிற்று. ஜார்ஜியா மாகாணத்தில் 1990-ல் வேறொரு சட்டம் செய்திருந்தார்கள். மாகாணப் பெரிய பதவிகளுக்குத் தேர்தலில் நிற்கிறவர்களும் மூத்திரம் கொடுத்துச் சுத்தமானவர்கள் என்று காட்ட வேண்டுமென்பது அது. 1997-ல் அதே பெரிய கோர்ட்டு, 8-க்கு 1 என்ற கணக்கில், அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஏன்? அப்படிப்பட்ட ஆபத்து இருக்கிறதென்று மாகாணம் ருஜுப்படுத்தவில்லை. வெறும் அடையாளத்துக்காக ஒருவன் உடம்பைச் சோதிக்கக் கூடாது என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியான தீர்ப்பு. நான் கேட்பதெல்லாம், சட்டசபைக்குப் போகிறவனுக்காகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி, ஜன்னல் செய்கிறவனுக்காகவும், சாக்கு தைக்கிறவளுக்காகவும், கணக்கு எழுதுகிறவனுக்காகவும் கேட்கப்பட வேண்டாமா என்பதுதான். “இந்த வேலையில் என்ன ஆபத்து? அதற்கும் இந்தப் புட்டிக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒவ்வொரு வேலைக்கும் கேட்க வேண்டும். ரயில் ஓட்டுகிறவனுக்குப் பதில் கிடைக்கலாம். மற்ற எத்தனையோ பேருக்குக் கிடைக்காது.

நம் நாட்டிலும் 2022 ஜனவரி 31 முதல் விமானம் ஓட்டுவோரையும், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோரையும் இப்படிச் சோதிக்கும் விதி வந்துவிட்டது. அவர்களோடு நின்றுவிடுமென்று எண்ண வேண்டாம். ஆகவே இப்போதே நாம் தெரிந்து கொள்ள வேண்டியவை சில உண்டு.

தொழிலாளிக்குச் சொல்கிறேன்: டாக்டர் சீட்டைக் கிழித்தெறியாதே, மருந்தின் பெயரை எழுதி வைத்துக் கொள். இன்ன வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லி, தூக்கம் வருமா என்று கேள். பிறர் மாத்திரையை விழுங்காதே. மாதக்கணக்கில் சாப்பிட்டதைப் பயந்து கொண்டு திடீரென்று நிறுத்திவிடாதே; அது உடம்பைக் கெடுக்கும்; டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறை. மயக்கமாயிருந்தால் வண்டியைத் தொடாதே; அது முதலாளிக்காக அல்ல, ரோட்டில் நடக்கும் குழந்தைக்காக.

சங்கங்களுக்குச் சொல்கிறேன்: சோதனை வந்தால் நாலு விஷயம் கேளுங்கள். முதற் சோதனையோடு முடிவு சொல்லக் கூடாது. இரண்டாம் புட்டி வேண்டும். முடிவு முதலாளிக்குப் போகுமுன் ஒரு டாக்டர் தொழிலாளியைக் கேட்க வேண்டும். வியாதியின் பெயர் வெளியே போகக் கூடாது. இந்த நாலும் பேராசையான கோரிக்கைகளல்ல. இன்னொரு நாட்டில் லாரி ஓட்டுகிறவனுக்குச் சட்டமாயிருப்பவைதான்.

தோழர்களே! அந்தக் கப்பல் பையன் இப்பொழுது வேறொரு கப்பலில் போய்விட்டான். போகுமுன் என்னிடம் வந்து, “இந்தத் தடவை இருமல் வந்தால் என்ன செய்வது?” என்று கேட்டான். ஒரு தொழிலாளி வியாதி வந்தால் மருந்து சாப்பிடப் பயப்படுகிறான் என்றால், அந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது? இந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் சொன்னதில் தப்பிருந்தால் தள்ளிவிடுங்கள். சரியிருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.